பிளாஸ்மாவில் நீரிழிவு மருந்துகள்: அளவீட்டின் எல்லையும் முடிவின் நம்பகமும்

நீரிழிவு நோயாளிக்குத் தரப்படும் மருந்து பயன் தருகிறதா என்பதை அறிய மருத்துவர் இரத்தச் சர்க்கரையையும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவையும் பார்க்கிறார். மருந்தே இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம் போன்றவற்றில் மருந்தின் இரத்த அளவே சிகிச்சையை வழிநடத்துகிறது. நீரிழிவில் அந்த இடத்தைச் சர்க்கரையின் அளவு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆயினும், குடலிலேயே தங்கி வேலை செய்யும் அகார்போஸ் போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், இன்று வழக்கிலுள்ள நீரிழிவு மருந்துகள் எல்லாமே மனிதப் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கியபின் எஞ்சும் மஞ்சள்நிற நீர்மத்தில், திரும்பத் திரும்ப அளக்கப்பட்டவை. ஒரு நாளைக்கு எத்தனை வேளை தருவது, சிறுநீரகம் பழுதுற்றவருக்கு எவ்வளவு குறைப்பது, எந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது, விலை குறைந்த மாத்திரை மூல மாத்திரைக்கு ஈடாகுமா என்பன போன்ற முடிவுகள் அந்த எண்களின்மேல் நிற்கின்றன. அந்த எண் உடலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, அதைத் தந்த ஆய்வு முறையின் ஆற்றலைப் பற்றியும் சேர்த்தே பேசுகிறது என்பதையும், இதை மறந்தபோது மருத்துவம் பிழையான முடிவுக்கு வந்திருக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

இந்தியாவில் மிகுதியாக எழுதித்தரப்படும் கூட்டு மாத்திரைகளுள் ஒன்று மெட்ஃபார்மினையும் கிளிமெபிரைடையும் ஒருங்கே கொண்டது. ஒரே மாத்திரைக்குள் இருந்தாலும் இவ்விரண்டும் இயல்பில் நேரெதிரானவை. மெட்ஃபார்மின் 129 என்னும் மூலக்கூறு நிறை கொண்ட சிறிய, வலிமையான காரம். உடலின் அமில-கார நிலையில் எப்போதும் நேர்மின்னேற்றம் பெற்றே இருப்பதால் நீரை நாடும், கொழுப்பை விலக்கும். பிளாஸ்மாப் புரதங்களோடு ஏறத்தாழ ஒட்டுவதே இல்லை. கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகத்தின் வழியே வந்தபடியே வெளியேறுகிறது. கிளிமெபிரைடோ சல்ஃபோனைல்யூரியா வகையைச் சேர்ந்த, 490 மூலக்கூறு நிறை கொண்ட, நீரில் அரிதாகக் கரையும் பொருள். பிளாஸ்மாவில் உள்ளதில் 99.5 விழுக்காட்டுக்கும் மேல் ஆல்புமின் முதலிய புரதங்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது. கல்லீரல் நொதிகளால் மாற்றமுற்ற பின்னரே வெளியேறுகிறது.

மாத்திரையில் இவற்றின் எடை விகிதம் 500 மில்லிகிராமுக்கு 1 மில்லிகிராம் என்றிருக்கலாம். பிளாஸ்மாவிலும் இதே ஐந்நூறு மடங்கு வேறுபாடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் 1 மில்லிகிராம் கிளிமெபிரைடை உட்கொண்டவரின் பிளாஸ்மாவில் உச்ச அளவு மில்லிலிட்டருக்குச் சுமார் 100 நானோகிராம் என்றும் (ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு), 500 மில்லிகிராம் மெட்ஃபார்மினுக்கு அது 1,000 நானோகிராம் அளவிலும் அமைவதால், வேறுபாடு பத்து மடங்காகச் சுருங்கிவிடுகிறது. மெட்ஃபார்மினில் வாய்வழி உட்கொள்வதில் பாதிக்குச் சற்று மேலானதே உடலுக்குள் சேர்வது இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பரவல் கொள்ளளவு, அதாவது உடலில் உள்ள மருந்து முழுவதும் பிளாஸ்மாவில் காணும் அதே செறிவில் இருந்தால் அதற்கு எத்தனை லிட்டர் நீர்மம் தேவைப்படும் என்னும் கணக்கு. கிளிமெபிரைடுக்கு அது 9 லிட்டருக்கும் குறைவு. புரதத்தைப் பற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்திலேயே தங்கிவிடுவதை அது காட்டுகிறது. மெட்ஃபார்மினுக்கு அது 650 லிட்டர் அளவில் மதிப்பிடப்பட்டிருக்கிறது. எந்த மனித உடலிலும் அடங்காத அந்த எண், மருந்தின் பெரும்பகுதி குடற்சுவர், கல்லீரல், சிறுநீரகம் முதலிய திசுக்களுக்குள் போய்விட்டதன் அடையாளம்.

அளவீட்டின் தொடக்கம் இரத்தம் எடுக்கும் குழாயிலேயே நிகழ்கிறது. உறைவைத் தடுக்கும் எத்திலின்டையமீன்டெட்ராஅசிட்டிக் அமிலத்தின் உப்போ ஹெப்பாரினோ தடவிய குழாயில் இரத்தம் சேர்க்கப்பட்டு, சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தில் அணுக்கள் அடியில் படிய, மேலே நிற்கும் பிளாஸ்மா தனியே எடுக்கப்பட்டு, பூச்சியத்துக்குக் கீழே 20 அல்லது 70 பாகையில் உறையவைக்கப்படுகிறது. பகுப்பாய்வு நாளில் உருக்கப்பட்ட பிளாஸ்மாவோடு அசிட்டோநைட்ரைல் என்னும் கரைமம் சேர்க்கப்பட்டதும் புரதங்கள் திரிந்து வெண்மையாகப் படிகின்றன; அவை பற்றியிருந்த கிளிமெபிரைடு கரைமத்துக்குள் விடுபடுகிறது. ஆகவே இம்முறையில் கிடைப்பது புரதத்தோடு பிணைந்ததும் பிணையாததும் சேர்ந்த மொத்த அளவு. உயிரணுவில் வேலை செய்ய வல்லது பிணையாத சிறுபகுதியே என்பதால், ஆல்புமின் வெகுவாகக் குறைந்த சிறுநீரக நோயாளியிடம் மொத்த அளவு குறைவாகத் தோன்றியும் செயற்படும் அளவு குறையாமல் இருக்கக்கூடும். இதைத் தனியே அறியச் சவ்வு வழியே வடித்தெடுக்கும் வேறு முறைகள் தேவைப்படுகின்றன. வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை மொத்த அளவோடு நின்றுவிடுகின்றன.

அடுத்த படி வண்ணப்பிரிகை. ரஷ்யத் தாவரவியலர் மிகைல் ஸ்வெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைகளின் நிறமிகளைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் பிரித்ததால் இப்பெயர் பெற்ற இம்முறையின் இன்றைய வடிவத்தில், மிக நுண்ணிய சிலிக்கா மணிகள் அடைத்த எஃகுக் குழலுக்குள் உயர் அழுத்தத்தில் நீர்மம் செலுத்தப்படுகிறது. மணிகளின் மேற்பரப்பில் பதினெட்டுக் கார்பன் கொண்ட சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருப்பின், கொழுப்பை நாடும் கிளிமெபிரைடு அவற்றில் தங்கித் தாமதமாக வெளிவரும். நீரை நாடும் மெட்ஃபார்மின் எங்கும் தங்காமல், பிளாஸ்மாவின் உப்புகளோடும் யூரியாவோடும் கலந்து, முதலிலேயே வெளியேறிவிடும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பிரிக்க முயல்வோரின் இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. மெட்ஃபார்மினோடு இணைசேரும் எதிர்மின் அயனிகளை நீர்மத்தில் கலந்து அதன் ஓட்டத்தைத் தாமதப்படுத்துவது ஒரு வழி. ஆனால் அத்தகைய பல சேர்பொருள்கள் அடுத்த கட்டத்தில் வரும் கருவிக்கு ஒவ்வாதவை. நீரை ஈர்க்கும் மேற்பரப்பு கொண்ட வேறுவகை மணிகளுக்கு மாறுவது மற்றொரு வழி. அப்போது இடர் கிளிமெபிரைடின் பக்கம் சாய்கிறது, அது தங்காமல் ஓடிவிடுகிறது. வெளியாகியிருக்கும் முறைகள் பலவும் இவ்விரண்டு முனைகளுக்கு நடுவே எட்டிய உடன்பாடுகளே.

பிரிந்து வரும் பொருளைக் கண்டறியும் பணி முன்பு புறஊதா ஒளி உறிஞ்சப்படும் அளவைக் கொண்டு நடந்தது. மில்லிலிட்டருக்குப் பத்துப் பதினைந்து நானோகிராமுக்குக் கீழே இம்முறை பெரும்பாலும் தடுமாறும். அதே நேரத்தில் வெளிவரும் வேறொரு பொருளை மருந்தென்று எண்ணிவிடும் இடரும் உண்டு. நிறை நிறமாலைமானியின் வருகை இந்நிலையை மாற்றியது. மூலக்கூறுகளை அயனிகளாக்கி அவற்றின் நிறைக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள விகிதத்தால் இனங்காணும் இக்கருவியோடு திரவ வண்ணப்பிரிகையை இணைக்கத் தடையாக இருந்தது, நீர்மத்தை வெற்றிடத்துக்குள் செலுத்த இயலாமை. மின்புலத்தில் நீர்மத்தை நுண்துளிகளாகத் தெளித்து, துளிகள் ஆவியாகிச் சுருங்கச் சுருங்க அயனிகளை விடுவிக்கும் மின்தெளிப்பு முறையை ஜான் ஃபென் பெருமூலக்கூறுகளுக்கும் பயன்படுமாறு வளர்த்தெடுத்தார். அதற்காக 2002-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் யோஸ்ட்டும் என்கேயும் 1970-களின் இறுதியில் உருவாக்கிய மும்மைக் கருவி, முதல் வடிகட்டியில் தாய் அயனியைத் தேர்ந்து, நடுவில் அதை வாயு மோதலால் உடைத்து, மூன்றாவதில் குறிப்பிட்ட துண்டை மட்டும் எண்ணுகிறது. மெட்ஃபார்மின் 130 என்னும் நிறையில் நுழைந்து 71 என்னும் துண்டாக எண்ணப்படுகிறது. கிளிமெபிரைடு 491-இல் நுழைந்து 352-ஆக எண்ணப்படுகிறது. இரண்டு நிறைகளும் ஒருங்கே பொருந்தும் அந்நியப் பொருள் அரிது என்பதால் ஐயம் வெகுவாகக் குறைந்தது. ஓரிரு நானோகிராம் வரையும், சில மருந்துகளுக்கு அதற்கும் கீழேயும் அளக்க முடிந்தது.

ஆனால் புதிய கருவி புதிய ஏமாற்றத்தையும் கூடவே கொண்டுவந்தது. பிளாஸ்மாவின் உப்புகளும் பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புகளும் மருந்தோடு ஒரே நேரத்தில் மின்தெளிப்பை அடையும்போது, துளியில் உள்ள மின்னேற்றத்துக்காக அவை மருந்தோடு போட்டியிடுகின்றன. மருந்து முழு அளவில் இருந்தும் அதன் குறிகை பாதியாகத் தேயலாம். தேய்க்கும் பொருள்கள் எண்ணப்படுவதில்லையாதலால் திரையில் எந்தத் தடயமும் தெரியாது. கோடு தூய்மையாகவே காட்சி தரும். சூழ்பொருள் விளைவு எனப்படும் இதனை அளவிடும் ஒழுங்கான வழியை மெர்க் நிறுவன ஆய்வகத்தைச் சேர்ந்த மட்டுஷெவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்டனர். தூய கரைசலில் மருந்து, பிரித்தெடுத்து முடித்த வெற்றுப் பிளாஸ்மாச் சாற்றில் சேர்த்த மருந்து, பிரித்தெடுக்குமுன்பே பிளாஸ்மாவில் சேர்த்த மருந்து ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால், முதலிரண்டின் வேறுபாடு சூழ்பொருளால் வந்த இழப்பையும், பின்னிரண்டின் வேறுபாடு பிரித்தெடுப்பில் வந்த இழப்பையும் தனித்தனியே காட்டும். முதலிலேயே உப்புகளோடு வெளியேறும் மெட்ஃபார்மின் இவ்விளைவுக்கு எளிதில் ஆட்படும் என்பது சொல்லாமலே விளங்கும். நீரிழிவு நோயாளிகள் பலருக்கு இரத்தக் கொழுப்பு மிகுந்திருப்பதால், நலமுள்ள தன்னார்வலரின் பிளாஸ்மாவில் சரிபார்த்த முறை நோயாளியின் கலங்கிய பிளாஸ்மாவிலும் அப்படியே செல்லும் என்று கொள்ளவும் இயலாது.

இதற்குக் கிடைத்திருக்கும் நல்ல தீர்வு அக நியமப் பொருள். மெட்ஃபார்மினின் ஆறு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக இருமடங்கு நிறையுள்ள டியூட்டீரியத்தை வைத்துச் செய்த மூலக்கூறு, குணத்தில் மெட்ஃபார்மினை ஒத்தும் நிறையில் மட்டும் ஆறு அலகு கூடியும் இருக்கும். அறிந்த அளவில் அது ஒவ்வொரு மாதிரியிலும் தொடக்கத்திலேயே சேர்க்கப்படுவதால், பிரித்தெடுப்பில் இழப்பு நேர்ந்தாலும் மின்தெளிப்பில் தேய்வு நேர்ந்தாலும் இரண்டுக்கும் ஒரே விகிதத்தில் நேரும், விகிதம் கெடாது. செலவைக் கருதி இதற்குப் பதில் வேறொரு மருந்தை அக நியமமாகப் பயன்படுத்திய கட்டுரைகள் ஏராளம். அது வேறு நேரத்தில் வெளிவருமானால் வேறு சூழ்பொருளைச் சந்திக்கும். திருத்த வேண்டியதைத் திருத்தாது. இத்துறைக் கட்டுரை ஒன்றைப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே எனலாம்.

அளவீட்டின் கீழெல்லை எவ்வளவு பெரிய மருத்துவ முடிவைப் புரட்டக்கூடும் என்பதற்கு, சல்ஃபோனைல்யூரியா வகையின் மற்றொரு மருந்தான கிளைபென்கிளமைடின் வரலாறு தெளிவான சான்று. கர்ப்பகால நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியே வழியென்றிருந்த காலத்தில், தாயின் மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் கணையத்தைத் தூண்டிவிடும் என்னும் அச்சமே மாத்திரைகளுக்குத் தடையாக இருந்தது. பிரித்தெடுத்த நஞ்சுக்கொடியில் நடத்திய சோதனைகள் கிளைபென்கிளமைடு மிகச் சொற்பமாகவே கடப்பதாகக் காட்டின. லாங்கரும் குழுவினரும் 404 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், மாத்திரை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் எவருடைய தொப்புள்கொடிக் குருதிநீரிலும் அம்மருந்து காணப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டது. ஊசிக்கு அஞ்சிய தாய்மாருக்கும், இன்சுலினைக் குளிர்ச்சியில் காக்க வசதியற்ற இடங்களுக்கும் அது பெரும் ஆறுதலாக அமைய, அம்மருந்து அமெரிக்காவில் பரவலாக வழக்குக்கு வந்தது.

2009-இல் ஹீபர்ட்டும் குழுவினரும், முன்னதைவிட நுட்பமான நிறை நிறமாலை முறையால் அதையே அளந்தபோது, தொப்புள்கொடிப் பிளாஸ்மாவில் மருந்து இருந்தது மட்டுமன்றித் தாயின் பிளாஸ்மாவில் இருந்ததில் சராசரியாக 70 விழுக்காடு அளவுக்கு இருந்தது. கர்ப்ப காலத்தில் கல்லீரல் இம்மருந்தை வேகமாக வெளியேற்றுவதால் தாயின் அளவே தாழ்ந்திருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பிரசவ நேரத்தில் தாயிடமே சில நானோகிராம்தான் எஞ்சியிருக்கும்போது, பழைய முறை குழந்தையிடம் எதையும் காணாதது வியப்பன்று. இல்லை என்று வாசிக்கப்பட்டதன் மெய்ப்பொருள், கருவியின் எல்லைக்குக் கீழே உள்ளது என்பதே. கிளைபென்கிளமைடு பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடையே பிறந்தவுடன் சர்க்கரை தாழ்வதும் பிறப்பு எடை மிகுவதும் இன்சுலின் குழுவைவிட அதிகம் என்பதைப் பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் காட்டின. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பும் இன்சுலினையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. ஒரு முறை காண வல்ல மிகக் குறைந்த அளவு எது, அந்த வினாவுக்கு அது போதுமா என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் இன்னும் கவனமாகப் பார்க்கப்பட்டிருப்பார்கள்.

இன்சுலினின் அளவீட்டிலும் இதே பாடம் வேறு வடிவில் நிற்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும், ஊசி இன்சுலினுக்கு எதிராக நோயாளிகளின் உடலில் உருவான எதிர்ப்பொருள்களை ஆராயப்போய், அவ்வெதிர்ப்பொருளையே அளவுகோலாக்கிக் கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினர்; பெர்சன் 1972-இல் மறைந்துவிட, 1977-இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் வந்த இன்றைய சோதனைகளில் சில, அமினோ அமிலம் மாற்றிச் செய்யப்பட்ட லிஸ்ப்ரோ, கிளார்ஜின் போன்ற புது இன்சுலின்களை உணர்வதில்லை; வேறு சில உணர்கின்றன. காரணமறியாச் சர்க்கரைத் தாழ்வோடு வந்தவருக்கு இன்சுலின் மிகவில்லை என்று அறிக்கை வருமானால், எந்தச் சோதனை என்று கேட்ட பின்னரே அதற்குப் பொருள் கொள்ள முடியும்.

சல்ஃபோனைல்யூரியாவை அறியாமலோ மறைத்தோ உட்கொண்டவரிடம் சிக்கல் இன்னும் கூர்மையானது. கணையத்தில் தோன்றும் இன்சுலின் கட்டியும் இம்மாத்திரையும் ஒரே வகையில் சர்க்கரையைத் தாழ்த்தி, இன்சுலினையும் அதனோடு சுரக்கும் சி-பெப்டைடையும் உயர்த்துகின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது இரத்தத்தில் மருந்து உள்ளதா என்னும் பகுப்பாய்வே, அது செய்யப்படாவிட்டால் இல்லாத கட்டியைத் தேடி அறுவை நடக்கக்கூடும். 2008-இன் தொடக்க மாதங்களில் சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்கு நீரிழிவே இல்லாத ஏறத்தாழ 150 பேர் கடும் சர்க்கரைத் தாழ்வோடு வந்தனர், நால்வர் இறந்தனர். அவர்களுள் மிகப் பலரின் மாதிரிகளில் கிளைபென்கிளமைடு கண்டறியப்பட்ட பிறகே, சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட பாலுணர்வு மாத்திரைகளில் அது கலந்திருந்தது வெளிப்பட்டது.

மருந்துகள் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் பிளாஸ்மாவே சொல்கிறது. ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட அளவீட்டில், கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில், நீரிழிவு மருந்தான ரெப்பாகிளினைடின் மொத்த வெளிப்பாட்டை, அதாவது நேரத்துக்கு எதிராக வரைந்த செறிவுக் கோட்டின் கீழ் அடங்கும் பரப்பை, எட்டு மடங்காக்கியது. பூஞ்சை மருந்தான இட்ராகோனசோலும் சேர்ந்தபோது அது பத்தொன்பது மடங்காயிற்று. ஜெம்ஃபைப்ரோசிலையும் ரெப்பாகிளினைடையும் சேர்த்துத் தருவது அதன் பின்னர் விலக்கப்பட்டது. எச்ஐவி சிகிச்சையில் இன்று பரவியிருக்கும் டோலுடெக்ராவிர், சிறுநீரகக் கடத்திகளைத் தடுத்து மெட்ஃபார்மினின் வெளிப்பாட்டை 79 விழுக்காடு கூட்டுகிறது. அவ்விருவகை நோயும் உள்ளவருக்கு மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளும் பரிந்துரை அந்த எண்ணிலிருந்து வந்ததே.

எண்ணிக்கையில் பார்த்தால், இவ்வளவீடுகளில் பெரும்பங்கு உயிர்ச் சமான ஆய்வுகளுக்காக நடப்பவை. மூல மருந்தையும் பொதுப்பெயர் மருந்தையும் ஒரே தன்னார்வலர்களுக்கு இடைவெளிவிட்டு மாற்றித் தந்து, உச்சச் செறிவும் மொத்த வெளிப்பாடும் ஒப்பிடப்படுகின்றன. விகிதத்தின் 90 விழுக்காட்டு நம்பக இடைவெளி முழுவதும் 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் அடங்கினால் ஈடென ஏற்கப்படுகிறது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்களின் தலைமையில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்களைச் சுமார் 10.1 கோடி என மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் உட்கொள்வது பொதுப்பெயர் மாத்திரைகளையே என்பதால் இந்த விகிதத்தின் நேர்மை அவர்களுக்கு உயிர்நாடியானது.

அந்நேர்மையைக் காக்கும் விதிகள் 1990-இல் வாஷிங்டனை ஒட்டி நடந்த கருத்தரங்கில் தொடங்கி, 2022-இல் ஏற்கப்பட்ட எம்10 என்னும் பன்னாட்டு வழிகாட்டியில் ஒன்றுபட்டன. அறிந்த அளவில் மருந்து சேர்த்த பிளாஸ்மாவை அளந்தால் விடை 15 விழுக்காட்டுக்குள், கீழெல்லையில் மட்டும் 20 விழுக்காட்டுக்குள் பொருந்த வேண்டும். ஆறு வெவ்வேறு மனிதரின் பிளாஸ்மாவில் குறுக்கீடு பார்க்கப்பட வேண்டும். தன்னார்வலரின் மாதிரிகளில் பத்தில் ஒரு பங்கை (ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றில் இருபதில் ஒரு பங்கை) வேறொரு நாளில் மறுபடி அளந்து, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கேனும் முதல் விடையோடு 20 விழுக்காட்டுக்குள் ஒத்துவர வேண்டும். இவற்றுள் கடைசி விதி மிக மதிப்புள்ளது. ஏனெனில் ஆய்வகத்தில் கலந்த மாதிரியில் இல்லாத வளர்சிதைப் பொருள்கள் மெய்யான மாதிரியில் இருக்கும், அவை மருந்தாக மீளவும் கூடும். ஆனால் எந்த விதியும் மனசாட்சிக்கு ஈடாவதில்லை. பெங்களூரின் செம்லர் ஆய்வு நிறுவனத்தில் மாதிரிகள் மாற்றிவைக்கப்பட்டுக் கையாளப்பட்டதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கண்டறிந்து 2016-இல் அங்கு நடந்த ஆய்வுகளை ஏற்க மறுத்தபோது, கருவியில் குறையில்லை. குழாயில் இருந்தது யாருடைய பிளாஸ்மா என்பதே கேள்வியாயிற்று.

மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை இன்னொரு எல்லையும் உண்டு. அதன் முன்னோடியான ஃபென்ஃபார்மின், இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைப் பெருக்கி உயிரிழப்பை விளைவித்ததால் 1970-களின் இறுதியில் அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் விலக்கப்பட்டது. மெட்ஃபார்மினில் அது மிக அரிது. சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவரிடம் மருந்து தேங்கி, மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஏறும்போது அந்த ஐயம் வலுக்கிறது. ஆனால் மருந்தின் அளவை உடனே அளந்து சொல்லும் வசதி மருத்துவமனைகளில் அரிதாதலால், இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்கும் முடிவு லாக்டேட் அளவையும் இரத்தத்தின் அமிலத்தன்மையையும் கொண்டே எடுக்கப்படுகிறது. சுத்திகரிப்பு நடக்கையில் பிளாஸ்மாவின் மெட்ஃபார்மின் விரைவாகத் தாழ்கிறது. பிளாஸ்மாவில் அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 6 மணி நேரமாகவும், முழு இரத்தத்தில் அளந்தால் 17 மணி நேரத்துக்கும் மேலாகவும் இருப்பது, செவ்வணுக்களும் மருந்தைத் தேக்கிவைத்து மெல்ல விடுவிக்கின்றன என்பதைக் காட்டுகிறது. அணுக்களிலும் திசுக்களிலும் தங்கியது திரும்பி வருவதால், சுத்திகரிப்பை நிறுத்திய சில மணி நேரத்தில் பிளாஸ்மாவின் அளவு மீண்டும் ஏறக்கூடும். நிறுத்திய உடனே எடுத்த ஒரு மாதிரியை மட்டும் வைத்து நோயாளியின் உடலை விட்டு மருந்து அகன்றதாகக் கருத முடியாது.